கைமாறும் ஒளி

விஞ்ஞானத்தின் வரலாற்றைத் தனிமேதைகளின் வரலாறாக எழுதும் வழக்கம் இன்னும் நம்மிடையே நீங்கியபாடில்லை. நமது பாடநூல்களைப் புரட்டிப் பார்ப்போமாயின், ஓர் ஆண்டு, ஒரு பெயர், ஒரு கண்டுபிடிப்பு என்ற முறையில் யாவும் அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். மாணவன் அப்பெயர்களை மனனஞ் செய்கிறான். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறான். அப்பெயர்களுக்குரியோர் எவருடைய உழைப்பின்மேல் தம் உழைப்பை நிறுத்தினர், எந்த ஆட்சிகளால் அலைக்கழிக்கப்பட்டனர், அவர்கள் கண்ட உண்மை ஈற்றில் எவருடைய கைக்குப் போய்ச் சேர்ந்தது என்ற வினாக்கள் அங்கே எழுவதில்லை. இவ்வினாக்களை எழுப்பாத வரலாறு வரலாறாகாது. அது வெறும் பெயர்ப்பட்டியலே.

இக்கட்டுரையில் நாம் ஒரேயொரு சிறு வினாவின் வரலாற்றைப் பின்தொடர்ந்து செல்ல முயல்வோம். பச்சை இலை ஞாயிற்றின் ஒளியை உறிஞ்சி, அதன் சக்தியாற் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டையும் மண்ணிலுள்ள நீரையும் உணவாக மாற்றுகின்றது என்பதை நாமெல்லோரும் அறிவோம். ஆயின், ஒளி உறிஞ்சப்படும் இடம் ஒன்று. இரசாயன வேலை நடைபெறும் இடம் வேறொன்று. ஓரிடத்திற் பெற்ற சக்தி மற்றோரிடத்தை எவ்வாறு சென்றடைகின்றது? இதுவே அவ்வினா. இதற்கு விடை காண்பதற்குப் பல நாடுகளைச் சேர்ந்த பலர் ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் உழைக்க வேண்டியிருந்தது. அவ்விடையைத் துணையாகக்கொண்டே இன்று, பாதி இயற்கை செய்தது, பாதி மனிதன் செய்தது எனத்தக்க கலப்புப் புரதங்களை ஆய்வுக்கூடங்களில் உருவாக்குகின்றனர். ஞாயிற்றொளியிலிருந்து நேரடியாக எரிபொருள் செய்யும் செயற்கை ஒளித்தொகுப்புக்கு அவை ஒரு படியாகலாம் என்பது அவர்தம் நம்பிக்கை. அந்நம்பிக்கையின் பெறுமதியை மதிப்பிட வேண்டுமாயின் வரலாற்றை முதலிலிருந்தே நோக்குதல் வேண்டும்.

எரிந்த வீடும் வெள்ளரிக்காயும்

1771ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே யோசேப் பிறீஸ்லி என்பார், மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த காற்றுள்ள கண்ணாடிச் சாடியில் ஒரு புதினாக் கொம்பை வைத்தார். சில நாட்களின் பின் அக்காற்றில் மெழுகுவர்த்தி மீண்டும் எரியக் கண்டார். தாவரம் காற்றைச் சீராக்குகின்றது என்ற பேருண்மை இவ்வாறு வெளிப்பட்டது. அவ்வேலைக்கு ஒளி இன்றியமையாதது என்பதையும், தாவரத்தின் பச்சைப் பாகங்களே அதனைச் செய்கின்றன என்பதையும் 1779இல் யான் இங்கன்ஹவுஸ் காட்டினார். பிறீஸ்லிக்கு அவருடைய நாடு அளித்த பரிசு யாது? பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்தார் என்பதற்காக 1791 யூலை மாதத்திற் பர்மிங்ஹாம் நகரிலே வெறிகொண்ட கூட்டமொன்று அவரது வீட்டையும் ஆய்வுக்கூடத்தையும் எரித்தது. மூன்று ஆண்டுகளின் பின் அவர் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தார். இவ்வரலாற்றின் முதற்பக்கத்திலேயே சாம்பல் படிந்திருப்பதை நாம் குறித்துக்கொள்வோமாக.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவி இயந்திரங்கள் உலகை மாற்றிக்கொண்டிருந்தபோது சக்தி என்ற கருத்தே புதுப்பொருள் பெற்றது. சக்தி அழிவதில்லை, உருமாறுகின்றது என்று கண்டோருள் ஒருவராகிய ஜேர்மானிய மருத்துவர் யூலியஸ் றொபேட் மாயர், தாவரங்கள் ஒளிச்சக்தியை இரசாயனச் சக்தியாக மாற்றிச் சேமிக்கின்றன என்று 1845இல் எழுதினார். இதனைப் பரிசோதனையால் நிலைநாட்ட முனைந்தவர்களுள் உருசிய அறிஞர் கிளிமென்ற் திமிரியாசெவ் முதன்மையானவர். பச்சையம் மிகுதியாக உறிஞ்சும் செந்நிற ஒளியே இலையின் வேலைக்கும் மிகுதியாக உதவுகின்றது என்பதை அவர் நுண்ணிய அளவீடுகளாற் காட்டினார். 1903இல் இலண்டன் வேத்தியற் கழகத்தில் அவர் ஆற்றிய பேருரை பச்சைத் தாவரத்தின் பிரபஞ்சத் தொழிலைப் பற்றியது. கலிவரின் யாத்திரையில் வெள்ளரிக்காயிலிருந்து ஞாயிற்றுக் கதிரைப் பிரித்தெடுக்க முயலும் பைத்தியக்கார அறிஞனொருவன் வருகின்றான். அவனை நினைவூட்டி, தாமும் அத்தகையவரே என்று நகையாடிக்கொண்டே அவர் தமது உரையைத் தொடங்கினார். சார் அரசின் கல்வி அடக்குமுறையைக் கண்டித்து 1911இல் மொஸ்கோப் பல்கலைக்கழகப் பதவியைத் துறந்த இம்முதியவர், 1917ஆம் ஆண்டுப் புரட்சியை வரவேற்று, 1920இல் மொஸ்கோ சோவியத்தின் உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்டு, அவ்வாண்டிலேயே காலமானார்.

வெள்ளரிக்காய்ப் பகிடியை உண்மையான வேலைத்திட்டமாக மாற்றியவர் இத்தாலியரான யாக்கொமோ சாமீசியன். போலோஞாப் பல்கலைக்கழகத்தின் மாடியிலே கண்ணாடிக் குடுவைகளை வெயிலில் அடுக்கி, ஒளியால் நிகழும் இரசாயன மாற்றங்களைப் பல்லாண்டு ஆராய்ந்தவர் அவர். 1912இல் நியூயோர்க் நகரிற் கூடிய பிரயோக இரசாயன மகாநாட்டில் அவர் ஓர் உரை நிகழ்த்தினார். நாகரிகம் நிலக்கரியாகிய பழைய ஞாயிற்றொளியைச் செலவிட்டு வாழ்கின்றது, அச்சேமிப்புத் தீர்ந்துபோகும், ஆதலால் அன்றாடம் விழும் ஒளியையே நேரடியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவ்வுரையின் சாரம். வறண்ட நிலங்களிலே புகையும் புகைபோக்கியுமற்ற தொழிற்சாலைகள் எழும், தாவரங்கள் காத்துவந்த இரகசியத்தை மனிதன் கைக்கொள்வான் என்று அவர் எதிர்நோக்கினார். இரண்டாண்டுகளில் உலகப்போர் மூண்டது. இரசாயன அறிஞர் பலர் நச்சுவாயுவும் வெடிமருந்தும் செய்யச் சென்றனர்.

இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர், ஒரு வேலை

சாமீசியன் குறிப்பிட்ட இரகசியம் உண்மையில் யாது என்பது அன்று எவருக்கும் தெரியாது. ஒவ்வொரு பச்சைய மூலக்கூறும் தனக்கு வேண்டிய ஒளியைத் தானே பிடித்து, தன் அருகிலுள்ள காபனீரொட்சைட்டு மூலக்கூற்றைத் தானே மாற்றுகின்றது என்றே பலரும் எண்ணியிருந்தனர். தனியொரு கம்மியன் தன் பட்டடையில் முழுப்பொருளையும் தானே செய்து முடிப்பது போன்றதே அவர்கள் கொண்ட சித்திரம்.

இச்சித்திரத்தை உடைத்தது 1932இல் வெளிவந்த ஓர் ஆய்வு. கலிபோர்னியாவில் றொபேட் எமேர்சன் என்பாரும் அவருடைய மாணவராயிருந்த வில்லியம் ஆர்ணல்ட் என்பாரும் குளோரெல்லா என்ற ஒருகலப் பாசியின்மேல் மிகக் குறுகிய ஒளிவீச்சுக்களைச் செலுத்தினர். ஒவ்வொரு வீச்சும் ஒரு செக்கனின் ஏறத்தாழ இலட்சத்திலொரு பங்கு நேரமே நீடித்தது. ஒளியின் வலிமையைப் பச்சையம் முழுவதும் நிறைவுறும் அளவுக்குக் கூட்டினர். அவ்வாறாயின் பச்சைய மூலக்கூறு ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்திருத்தல் வேண்டும். ஆனால் கணக்கிட்டபோது கிடைத்த விடை வியப்பூட்டியது. ஏறத்தாழ 2,480 பச்சைய மூலக்கூறுகளுக்கு ஒன்றாகவே காபனீரொட்சைட்டு மூலக்கூறுகள் மாற்றமடைந்திருந்தன. எஞ்சிய பச்சையம் அனைத்தும் என்ன செய்துகொண்டிருந்தது?

நான்காண்டுகளின் பின், 1936இல், பேர்லினிலிருந்த ஹான்ஸ் கவ்றன், குர்ட் வோல் ஆகிய இருவரும் இதற்கு விளக்கம் தந்தனர். ஒளி தொடர்ச்சியான ஒழுக்கன்று. அது சக்திச்சொட்டுக்களாகவே வருவது. மங்கிய ஒளியில் ஒரு பச்சைய மூலக்கூறு பல நிமிடங்களுக்கு ஒரு முறையே ஒரு சொட்டைப் பெறும். ஒரு காபனீரொட்சைட்டு மூலக்கூற்றை மாற்றுதற்கோ பல சொட்டுக்கள் வேண்டும். தனித்தனியே சேர்ப்பதாயின் இலை வேலை தொடங்குவதற்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் காத்திருக்க நேரும். உண்மையில் ஒளி பட்டவுடனேயே ஒட்சிசன் வெளிவரத் தொடங்குகின்றது. ஆகவே ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் கூடி ஒளியைப் பிடிக்கின்றன. பிடித்த சக்தி அவற்றிடையே அலைந்து திரிந்து வேலை நடைபெறும் ஓரிடத்தைச் சென்றடைகின்றது என அவர்கள் முடிவு செய்தனர். மழை பெய்யும்போது கூரையின் ஒவ்வோர் ஓட்டின் கீழும் ஒரு குடம் வைப்பாரில்லை. கூரை முழுவதிலும் விழும் நீரைப் பீலி வழியே ஒரு தொட்டிக்குக் கொண்டுவருகின்றோம். இலையும் அவ்வாறே செய்கின்றது என்பது அவர்தம் விளக்கத்தின் பொருள்.

இவ்விளக்கத்தைத் தந்தவர்களுக்கு ஜேர்மனியில் இடமிருக்கவில்லை. இருவரும் நாஸி ஆட்சியின்கீழ் இருந்த தாயகத்தை விட்டு வெளியேறினர். கவ்றன் சிக்காகோ சென்று யேம்ஸ் பிராங்க் என்பாரிடம் சேர்ந்தார். பிராங்க் நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலறிஞர், யூதர், முதலாம் உலகப்போரில் ஜேர்மனிக்காகப் போரிட்டவராதலின் பதவியிலிருந்து விலக்கப்படாதிருக்க அவருக்குச் சலுகை இருந்தது. அச்சலுகையை ஏற்க மறுத்து 1933இற் பகிரங்கமாகப் பதவி துறந்தவர் அவர். அமெரிக்காவில் அவர் ஒளித்தொகுப்பை ஆராய்ந்தார். பின்னர் அணுகுண்டு வேலைக்கு அழைக்கப்பட்டார். 1945 யூனில், முன்னறிவிப்பின்றி ஜப்பானிய நகரங்களின்மேல் அக்குண்டை வீசலாகாது என்று வாதிட்ட அறிக்கை அவர் தலைமையிலேயே எழுதப்பட்டது. அதனை எழுத உதவிய யூஜின் றாபினோவிச், ஒளித்தொகுப்பைப் பற்றிப் பெருநூல் எழுதியவர். அவ்வறிக்கைக்கு ஆட்சியாளர் செவிசாய்க்கவில்லை என்பது உலகறிந்தது.

எமேர்சனின் கதையும் நினைவிற்கொள்ளத்தக்கது. மலாயாவின் றப்பர்த் தோட்டங்கள் 1942இல் ஜப்பானியப் படையிடம் வீழ்ந்தபின் அமெரிக்காவில் றப்பர்ப் பஞ்சம் தோன்றியது. அதே ஆண்டில் அமெரிக்க அரசு தன் மேற்குக் கரையோரத்தில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரைப் பாலைநில முகாம்களில் அடைத்தது. அவர்களிற் பெரும்பாலோர் அந்நாட்டிற் பிறந்த குடிகள். இவ்வநீதியை வெறுத்த எமேர்சன், மான்சனார் முகாமில் அடைக்கப்பட்டிருந்த விஞ்ஞானிகளையும் தோட்டக்காரர்களையும் ஒன்றுசேர்த்து, குவாயூலி என்ற வறள்நிலப் புதரிலிருந்து றப்பர் பெறும் ஆராய்ச்சியை நடத்தினார். வேலிக்குள் அடைபட்டோர் மிகக் குறைந்த வசதிகளைக் கொண்டு நற்பயன் கண்டனர். ஒளித்தொகுப்பின் கூட்டுவேலையைக் கண்டுபிடித்த மனிதர், மனிதரின் கூட்டுவேலையிலும் நம்பிக்கை கொண்டவராயிருந்தார்.

சாயக் கரைசலில் ஓர் ஐயம்

சக்தி அலைந்து திரிகின்றது என்று சொல்வது எளிது. எவ்வாறு திரிகின்றது என்று சொல்வதே அரிது. மூலக்கூறுகள் தத்தம் இடத்தில் நிற்கின்றன. அவற்றிடையே கம்பியில்லை. ஒன்று ஒளியை உமிழ, மற்றொன்று அதனை மீண்டும் உறிஞ்சுவதுமில்லை. அவ்வாறாயிற் பெரும்பகுதி வீணே சிதறிவிடும்.

இதற்கான விடையின் முதல் நுனி தாவரவியலில் அன்று, சாயக் கரைசல்களிலேயே அகப்பட்டது. சில சாயங்கள் தாம் உறிஞ்சிய ஒளியை வேறொரு நிறமாக உமிழும். இதனைப் புளோரொளிர்வு என்பர். கரைசலைச் செறிவாக்கும்போது, உமிழப்படும் ஒளி அதிரும் திசை குலைந்து போவதை 1920களில் அவதானித்தனர். ஒளியைப் பெற்ற மூலக்கூறும் அதனை உமிழும் மூலக்கூறும் ஒன்றல்ல. நடுவே சக்தி கைமாறியிருக்கின்றது என்று பிரெஞ்சுப் பௌதிகவியலறிஞர் யான் பெறன் ஊகித்தார். ஒரே கயிற்றிற் கட்டிய இரண்டு சம ஊசல்களுள் ஒன்றை ஆட்டிவிட்டால், சிறிது நேரத்தில் அது நின்று, மற்றையது ஆடத் தொடங்குவதைப் பாடசாலை ஆய்வுக்கூடத்திற் கண்டிருப்போம். இதனைப் பரிவு என்பர். மூலக்கூறுகளிடையேயும் இத்தகைய பரிவே நிகழ்கின்றதென்பது அவர் கருத்து. ஆயின் அவர் கணித்த தூரம் உண்மையிலும் மிகப் பெரிதாயிருந்தது. அவருடைய மகன் பிரான்சிஸ் பெறன் 1932இற் புதிய சக்திச்சொட்டுக் கொள்கையைக் கொண்டு அக்கணிப்பைத் திருத்தினார், அதுவும் முற்றுப்பெறவில்லை.

யான் பெறன் ஆய்வுக்கூடத்துள் அடைபட்டுக் கிடந்தவரல்லர். மக்கள் முன்னணி அரசில் 1936இல் விஞ்ஞான ஆராய்ச்சிக்குப் பொறுப்பேற்றார். பொதுமக்கள் விஞ்ஞானத்தைக் கண்ணாற் கண்டு கற்பதற்காகப் பாரிஸ் நகரிற் கண்டுபிடிப்பு மாளிகையை 1937இல் நிறுவினார். 1939இல் உருவான பிரெஞ்சுத் தேசிய ஆராய்ச்சி நிலையத்துக்கும் அவரே மூலகாரணர். நாஸிப் படைகள் பிரான்சைக் கைப்பற்றியபின் அமெரிக்காவை அடைந்து, 1942இல் நியூயோர்க்கிற் காலமானார்.

இதற்கிடையில், 1941இல், கலிபோர்னியாவில் ஓர் உரையாடல் பயன் தந்தது. நீலப்பச்சை அல்காக்களில் நீலநிறப்பொருள் பிடிக்கும் ஒளியும் பச்சையத்தைச் சென்றடைகின்றதே, இது எவ்வாறு என்று ஆர்ணல்ட் ஓர் இளம் பௌதிகவியலறிஞரிடம் வினவினார். கதிர்த்தொழிற்பாட்டிலே அணுவின் கரு தன் சக்தியைக் கதிராக வெளிவிடாமல் அருகிலுள்ள இலத்திரனுக்கே நேரே கொடுத்துவிடும் நிகழ்ச்சியொன்று உண்டு. இதுவும் அதனை ஒத்ததே என்று அவர் விடையளித்தார். அவ்விளைஞர் றொபேட் ஒப்பன்ஹைமர். அவ்வாண்டில் அவர் இதுபற்றி வெளியிட்டது ஒரு சிறு குறிப்பு மாத்திரமே. பின்னர் அணுகுண்டுத் திட்டம் அவரை விழுங்கிவிட்டது. இருவரும் சேர்ந்து எழுதிய முழுக்கட்டுரை 1950இலேயே வெளிவந்தது. இலையின் இரகசியத்தை விளக்க வல்ல அதே மூளை நகரங்களை எரிக்கும் கருவியைச் செய்ய அமர்த்தப்பட்டது. நான்காண்டுகளின் பின் அதே அரசு, நம்பிக்கைக்குரியவரல்லர் என்று கூறி 1954இல் அவரை ஒதுக்கிவைத்தது.

முழுமையான கொள்கையைத் தந்தவர் ஜேர்மானியரான தியோடர் பேர்ஸ்ரர். அவர் புலம்பெயர்ந்தோருள் ஒருவரல்லர். நாஸி ஆட்சி போலந்தின் போசென் நகரில் நிறுவிய பல்கலைக்கழகத்திற் போர்க்காலத்திற் பேராசிரியராயிருந்தவர். அறிவின் சங்கிலியில் எல்லாக் கண்ணிகளும் நாம் விரும்பும் வண்ணம் அமைவதில்லை. போர் முடிந்தபின், 1946இலும் 1948இலும் அவர் எழுதிய கட்டுரைகள், ஒரு மூலக்கூறு மற்றொன்றுக்குச் சக்தியைக் கைமாற்றும் வேகத்தைக் கணித்துக் காட்டின. கொடுப்பது உமிழவல்ல ஒளியும் வாங்குவது உறிஞ்சவல்ல ஒளியும் பொருந்துதல் வேண்டும். தூரம் இருமடங்கானால் வேகம் அறுபத்துநான்கில் ஒன்றாகக் குறையும். ஆகவே ஒரு சில நனோமீற்றர் தூரத்துள்ளேயே, அதாவது ஒரு மில்லிமீற்றரின் பத்திலட்சத்தில் ஒரு சில பங்கினுள்ளேயே, இக்கைமாற்றம் திறம்பட நிகழும். அதே 1948இல் யான் பெறனின் அஸ்தி பாரிஸ் நகரப் பந்தியோனில் வைக்கப்பட்டது. ஒல்லாந்தைச் சேர்ந்த லூயி டொய்சன்ஸ் 1952இல், பல்வகை அல்காக்களிலும் பற்றீரியாக்களிலும் ஒரு நிறப்பொருளிலிருந்து மற்றொன்றுக்குச் சக்தி எத்துணைத் திறமையுடன் கைமாறுகின்றது என்பதை அளந்து காட்டியதோடு, ஐயம் பெரும்பாலும் தீர்ந்தது.

வளையங்கள்

ஆயினும் மூலக்கூறுகள் உண்மையில் எவ்வாறு நிற்கின்றன என்பதை எவரும் கண்டாரில்லை. ஒளிச்சக்தி ஈற்றிற் சென்றடையும் தாக்க மையத்தின் அமைப்பை முதன்முதலாக, ஓர் ஊதாநிறப் பற்றீரியாவில், கண்டறிந்தமைக்காக டைசன்ஹோபர், ஹூபர், மீகெல் ஆகியோர் 1988இல் நோபல் பரிசு பெற்றனர். ஒளியைச் சேகரித்து அம்மையத்துக்கு அனுப்பும் ஒளியறுவடைப் புரதமொன்றின் அமைப்பை 1995இற் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்து றிச்சட் கொக்டெல், நீல் ஐசக்ஸ் ஆகியோரும் அவர்தம் துணைவரும் ஊடுகதிர் கொண்டு வெளிப்படுத்தினர். இதுவும் ஊதாநிறப் பற்றீரியாவுக்கே உரியது.

அவ்வமைப்பின் ஒழுங்கு கண்டோரை வியக்கவைத்தது. புரத இழைகள் ஒன்பது மடிப்பாகச் சுற்றி நின்று ஓர் உருளையை ஆக்குகின்றன. அதனுள் பச்சைய இனத்தைச் சேர்ந்த 27 மூலக்கூறுகள் இரண்டு வளையங்களாக அமைந்துள்ளன. ஒரு வளையத்தில் ஒன்பது, ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 2 நனோமீற்றர் தள்ளி நிற்கின்றன. மற்றை வளையத்தில் பதினெட்டு, ஏறத்தாழ 1 நனோமீற்றர் இடைவெளியில் நெருங்கி நிற்கின்றன. முதல் வளையம் 800 நனோமீற்றர் அலைநீள ஒளியை உறிஞ்சி, ஒரு செக்கனின் கோடியில் இலட்சத்திலொரு பங்கு நேரத்துள், அதாவது ஏறத்தாழ ஒரு பிக்கோ செக்கனுள், 850 நனோமீற்றருக்குரிய இரண்டாம் வளையத்துக்குக் கொடுத்துவிடுகின்றது. அங்கிருந்து அடுத்த புரதத்துக்கும், பின்னர் தாக்க மையத்துக்கும் அது செல்லும். ஒவ்வொரு படியிலும் சக்தி சிறிது குறைவதால் நீர் பள்ளம் நோக்கி ஓடுவது போல் அது மையம் நோக்கியே ஓடுகின்றது. சக்தி பெற்ற மூலக்கூறு அதனை வீணாக இழப்பதற்கு ஏறத்தாழ ஆயிரம் பிக்கோ செக்கன் எடுக்கும். பயணமோ அதில் ஒரு சிறு பகுதிக்குள் முடிந்துவிடுகின்றது. இலையின் வெற்றி இவ்வேக வேறுபாட்டிலேயே தங்கியுள்ளது.

நெருங்கி நிற்கும் பதினெட்டினுள் சக்தி ஒரு மூலக்கூற்றுக்கு மட்டும் உரியதாயிராது. ஒரே வேளையிற் பலவற்றுக்கும் பொதுவாயிருக்கும். அங்கே பேர்ஸ்ரரின் எளிய சூத்திரம் போதாது. இதனையொட்டி, 2007இல், வேறொரு பற்றீரியாப் புரதத்தில் நீண்டநேரம் நிலைக்கும் அலைத்தன்மை காணப்பட்டதாகவும், இயற்கையின் திறமைக்கு அதுவே காரணமெனவும் பெரும் ஆரவாரம் எழுந்தது. பின்வந்த ஆய்வுகள் அவ்விளக்கத்தை ஏற்கவில்லை. காணப்பட்ட அலைவுகள் பெரும்பாலும் மூலக்கூறுகளின் அதிர்வுகளே எனக் காட்டின. தன் பிழையைத் தானே திருத்தும் ஆற்றலே விஞ்ஞானத்தைச் சமயக் கொள்கைகளிலிருந்து வேறுபடுத்துகின்றது என்பதற்கு இஃதோர் அண்மைச் சான்று.

மனிதன் இட்ட ஒட்டு

அமைப்பை அறிந்தபின் அதனை மாற்ற முனைவது மனிதவியல்பு. ஏற்கெனவே 1980களின் பிற்பகுதியில் அமெரிக்கரான போல் லோச் என்பாரின் குழுவினர், இத்தகைய புரதமொன்றை அதன் உறுப்புக்களாகப் பிரித்து, சோதனைக்குழாயில் மீண்டும் தாமாகவே ஒன்றுசேரச் செய்திருந்தனர். பிரித்ததைச் சேர்க்க முடியுமாயின், சேர்க்கும்போது புதியதொன்றை இணைக்கவும் முடியுமன்றோ?

இயற்கையின் ஒளியறுவடை குறைபாடற்றதன்று. மேற்கூறிய வளையப் புரதம் 800, 850 நனோமீற்றர் ஒளியை நன்கு உறிஞ்சும். பச்சைநிற ஒளியின் ஒரு பகுதியையும் துணை நிறப்பொருள்களாற் பெறும். ஆனால் 600 தொடக்கம் 750 நனோமீற்றர் வரையுள்ள செந்நிற ஒளியின் பெரும்பகுதி அதற்குப் பயன்படுவதில்லை. பச்சை இலையும் பச்சைநிற ஒளியைக் குறைவாகவே உறிஞ்சுகின்றது. அதனாலன்றோ அது பச்சையாகத் தோன்றுகின்றது! இவ்விடைவெளிகளை நிரப்புவதே கலப்புப் புரதங்களின் நோக்கம். ஆய்வுக்கூடத்திற் செய்த சாயமொன்றைப் புரதத்தின் குறித்த இடத்தில் இரசாயனப் பிணைப்பால் ஒட்டிவிடுகின்றனர். மாமரத்தில் ஒட்டுக்கட்டுவது போன்ற வேலை இது. சாயம் இடைவெளி ஒளியை உறிஞ்சுகின்றது. பெறன் ஊகித்து, பேர்ஸ்ரர் கணித்த அதே வழியால் அச்சக்தி இயற்கை வளையத்துக்குக் கைமாறுகின்றது. ஜப்பானின் நகோயாத் தொழினுட்பக் கல்லூரியினர் 2015இல் இத்தகைய கலப்பொன்றை வெளியிட்டனர். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2019இல் தாவரத்தின் ஒளியறுவடைப் புரதத்துக்குச் செயற்கைச் சாயத்தை அயலாக்கி, பச்சைநிற இடைவெளியை நிரப்பிக் காட்டினர். பேர்க்கிலி நகரில் 2007இற் செய்த முயற்சி மேலும் விந்தையானது. புகையிலைச் செடியைப் பீடிக்கும் மொசைக் வைரசின் மேலுறைப் புரதங்கள் தாமாகவே வட்டுக்களாகவும் கோல்களாகவும் அடுக்கிக்கொள்ளும். அவற்றிற் சாயங்களை ஒட்டி, நோய்க்கிருமியின் உறையையே ஒளியைக் கைமாற்றும் அமைப்பாக மாற்றினர்.

இவற்றை மிகைப்படுத்தாது மதிப்பிடுதல் நம் கடமை. இப்புரதங்கள் ஒளியைச் சேகரிப்பன மட்டுமே. சேகரித்த சக்தியால் நீரைப் பிளப்பதும், ஐதரசனையோ வேறு எரிபொருளையோ செய்வதும் வேறு ஊக்கிகளின் வேலை. அவற்றை நீடித்து, மலிவாக இயங்கச் செய்தல் இன்னும் கடினமான வேலை. மேலும் ஒளி தன்னைப் பிடிப்பவற்றையே சிதைக்கின்றது. கடும் வெயிலில் இலையின் தாக்க மையப் புரதமொன்று சிதைவதும் புதிதாக மாற்றீடு செய்யப்படுவதும் ஓயாது நிகழ்கின்றன. இலை தன் இயந்திரத்தைத் தானே பழுதுபார்க்கும். குடுவையிலுள்ள புரதத்துக்கு அவ்வாற்றல் இல்லை. ஆதலால் இன்று கலப்புப் புரதங்கள் தொழிற்சாலைப் பொருள்களல்ல. இயற்கையின் விதிகளைக் கற்பதற்குரிய கருவிகளே. எந்தத் தூரத்தில், எந்தத் திசையில், எந்தச் சாயத்தை வைத்தாற் சக்தி எவ்வளவு செல்லும் என்பதை நாம் விரும்பியவாறு மாற்றிப் பார்க்க அவை இடந்தருகின்றன. இயற்கையை விளங்கிக்கொள்வதும் அதனை மாற்றுவதும் இங்கே ஒரே செயலின் இரண்டு பக்கங்களாகின்றன.

ஞாயிறு எவருடையது?

சாமீசியனின் கனவு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் நிறைவேறாதது விஞ்ஞானத்தின் கடினத்தால் மாத்திரமோ? வரலாறு அவ்வாறு கூறவில்லை. ஒளியால் நீரைப் பிளக்கலாமென ஜப்பானியரான புஜிஷிமாவும் ஹொண்டாவும் 1972இல் வெளியிட்டனர். மறு ஆண்டே எண்ணெய் நெருக்கடி வந்தது. அரசுகள் ஞாயிற்றை நினைவுகூர்ந்தன. அமெரிக்காவில் ஞாயிற்றுச் சக்தி ஆராய்ச்சி நிலையமொன்று 1977இல் தொடங்கப்பட்டது. வெள்ளை மாளிகையின் கூரையில் 1979இல் நீரைச் சூடாக்கும் ஞாயிற்றுத் தகடுகள் ஏறின. றீகன் ஆட்சி வந்ததும் அந்நிலையத்தின் நிதி கடுமையாக வெட்டப்பட்டது. 1986இல் தகடுகளும் இறங்கின. எண்ணெயின் விலை ஏறும்போது அறிவுக்குப் பசியும், இறங்கும்போது மறதியும் ஏற்படும் சமுதாய அமைப்பில், முக்கால் நூற்றாண்டு நீளும் ஆராய்ச்சிகள் எவ்வாறு தழைக்கும்? இலாபத்தின் கால அளவு வேறு. உண்மையின் கால அளவு வேறு.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் கூடி உழைப்பதைக் கண்டதும், இயற்கையே பொதுவுடைமையைப் போதிக்கின்றது என்று கூற நமது நாவெழலாம். அவ்வாறு கூறுதல் தவறு. சென்ற நூற்றாண்டுகளில் வலியோர் எளியோரை விழுங்குவதே இயற்கை என்று கூறி முதலாளித்துவத்துக்கும் இனவெறிக்கும் நியாயம் தேடினோரும் இதே வழியையே கையாண்டனர். மூலக்கூறுகளுக்கு நீதியுமில்லை, அநீதியுமில்லை. நீதி மனிதர் தம்முள் ஆக்கிக்கொள்வது. இலையிலிருந்து நாம் பெறவேண்டியது ஒழுக்கவிதியன்று, பௌதிக அறிவே.

ஆனால் அவ்வறிவு வந்த வழி மனித வரலாறு. அதிலிருந்து பாடம் கற்கலாம். வீடெரிந்த பிறீஸ்லி, பதவி துறந்த திமிரியாசெவ், நாடிழந்த கவ்றன், வேலிக்குள் உழைத்த பெயரறியாத் தோட்டக்காரர், அந்நிய மண்ணில் மாண்ட பெறன் ஆகியோரும், நாம் மதிக்க விரும்பாத சிலரும் கூட, ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு இவ்வறிவைக் கொடுத்து வந்துள்ளனர். இதில் எந்த ஒரு நாட்டுக்கும், எந்த ஒரு கம்பனிக்கும் தனியுரிமை கொண்டாட இடமில்லை. 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற மக்கள் நாம். அவ்வரிசைகளின்மேல் எரித்துக்கொண்டிருந்த வெயிலின் பயன் நாளை எவருக்குச் சேரும் என்பதை ஆய்வுக்கூடம் தனியே தீர்மானிக்காது. கலப்புப் புரதத்தின் வேலையை வகுப்பறையில் விளக்கும் ஆசிரியர், அந்த வினாவையும் மாணவர்முன் வைப்பாராயின், ஒளி மேலும் ஒரு கை மாறியதாகும்.